வால்பாறை ஏறும் சைக்கிள்களுக்கு எந்தத் தொடர்பு: கைபேசியா, ஹாம் ரேடியோவா, டிராக்கரா?

"அண்ணா, எத்தனை வாக்கி-டாக்கி வாங்க வேண்டும்?"

ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓட்டும் நீண்ட தூர சைக்கிள் பயணத்தை ஏற்பாடு செய்கிற தம்பிகள் என்னிடம் வந்து முதலில் கேட்பது இதைத்தான். பொழுதுபோக்காக ரேடியோவில் பேச அரசு தரும் ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருக்கிறேன் (அப்படி உரிமம் பெற்றவர்களை ஹாம்கள் என்போம்), சைக்கிளும் ஓட்டுகிறேன். இரண்டு பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியும் என்று நம்பி வருகிறார்கள். அவர்களைக் கடைக்கு அனுப்புவதற்கு முன் வரைபடத்தின் முன்னால் உட்காரவைக்கிறேன். எந்த இடத்தில் நிற்பவர் யாரிடம் பேச வேண்டும்? அந்த இடத்திலிருந்து அவர் குரல் எப்படி வெளியே போகும்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு கருவியின் பெயரை எடுத்தால் போதும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு பாதையை எடுத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் கிளம்பி கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, ஆழியாறு, அட்டகட்டி வழியாக வால்பாறை. பிறகு அதே வழியில் திரும்புதல். ஒரு வழி 100 கி.மீ.க்குச் சற்று மேல். நேரக்கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூரப் பயணமான 'பிரவே'யை ஓட்டுகிறவர்களின் கணக்கில் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் கொடுப்பார்கள். இந்த மலைக்கு அது தாராளமான நேரம் இல்லை. ஆழியாறு வரையில் சமவெளி, தென்னந்தோப்பு, நல்ல சாலை. சோதனைச் சாவடியைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடு, அதன்பின் தேயிலைத் தோட்டங்கள், கவர்க்கல்லின் மூடுபனி, ரொட்டிக்கடை, கடைசியில் வால்பாறை.

ஒரே பயணத்துக்குள் இரண்டு வெவ்வேறு நாடுகள் இருப்பதுபோல இது. சமவெளிக்குப் பொருந்தும் முறை மலைக்குப் பொருந்தாது. அங்கேதான் பெரும்பாலான ஏற்பாடுகள் சறுக்குகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மலைப்பாதையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இறக்கத்தில், ஈர இலைகள் படிந்த ஒரு வளைவில், எங்களோடு வந்தவர் சறுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். சுற்றி நான்கு பேர் நின்றோம். நான்கு கைபேசிகளிலும் சிக்னல் இல்லை. ஒருவர் மேலே இரண்டு வளைவு ஓடி, கிடைத்த அரைகுறை சிக்னலில் "இருபத்தேழாம் வளைவு" என்று கத்தினார். கேட்டவர் காதில் "பதினேழு" என்று விழுந்தது. உதவி வண்டி பதினேழாம் வளைவில் காத்துக்கொண்டிருக்க, அடிபட்டவர் இருபத்தேழில் மழையில் உட்கார்ந்திருந்தார். அன்று என் பையில் ரேடியோ இருந்தது. எதிர்முனையில் கேட்க ஆள் யாரையும் நிறுத்தியிருக்கவில்லை. இரண்டும் என்னைவிட்டு இன்னும் போகவில்லை: தப்பாகக் கேட்கப்பட்ட அந்த எண்ணும், ஆளில்லாத அலைவரிசையும்.

கைபேசி

முதலில் கைபேசிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ஹாம்கள் பலர் அதை மட்டம் தட்டிப் பேசுவதை நான் ஏற்பதில்லை. 108 ஆம்புலன்ஸை அழைப்பது, மருத்துவமனையிடம் பேசுவது, வீட்டுக்குத் தகவல் சொல்வது, விழுந்த இடத்தின் படத்தையும் வரைபடப் புள்ளியையும் அனுப்புவது ஆகிய எல்லாவற்றிலும் அதற்கு நிகரில்லை. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்தில் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் 112 என்ற அவசர அழைப்பு அதன் வழியாகவும் போகும். இந்த ஒன்றை எல்லா ஓட்டிகளுக்கும் கிளம்புவதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து ஆழியாறு வரை கைபேசி தாராளமாகப் போதும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும் பயணத்துக்கும் அப்படியே. அங்கே பயணத்தின் தேவைக்காக ரேடியோ வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். நான்கு பேரின் எண்களை அச்சடித்து ஒவ்வொரு ஓட்டியின் எண் அட்டைக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

கைபேசியின் குறை சிக்னலில் மட்டும் இல்லை. அது ஒருவரை ஒருவரோடு இணைக்கிறது. பயணத்தை நடத்துகிறவருக்கு வேண்டியது வேறு. "ஆழியாற்றில் தண்ணீர் தீர்ந்தது" என்று ஒருவர் சொன்னால், பின்னால் வரும் வண்டி, பொள்ளாச்சியில் இருப்பவர், அடுத்த நிறுத்தத்தில் நிற்பவர் எல்லாரும் அதே நொடியில் கேட்க வேண்டும். செய்திக் குழு இருக்கிறதே என்பார்கள். அறுபது பேர் உள்ள குழுவில் "காலை வணக்கம்", சூரிய உதயப் படம், பங்க்சர் போட்ட செய்தி, வாழ்த்துகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது, 41ஆம் எண்காரர் மயங்கி உட்கார்ந்திருக்கிறார் என்ற வரி எங்கேயோ மேலே போய்விடும். வண்டி ஓட்டுகிறவர் அதை எடுத்துப் படிக்கவும் முடியாது. மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை பணிவதுமில்லை.

உரிமம் தேவைப்படாத வாக்கி-டாக்கி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான துண்டில் இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் வேண்டியதில்லை. தண்ணீர்ப் பந்தலுக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் இடையே பேச அவை நல்லவை. வளைவுகளில் ஒரு மலைத்திருப்பத்தைக்கூடத் தாண்டாது. இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. இணையக் கடைகளில் விற்கும் எல்லா வாக்கி-டாக்கியும் இந்த வகை இல்லை. பல கருவிகள் உரிமம் தேவைப்படும் அலைவரிசைகளில் ஒலிபரப்பும். 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த விற்பனைக்கென்று வழிகாட்டு நெறிகளை வெளியிடும் அளவுக்கு விஷயம் முற்றியது. விலை மலிவு என்று பத்து வாங்கி ஓட்டிகள் கையில் கொடுத்தால், நல்ல காரியம் செய்யப் போன பத்துப் பேரைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிட்டதாக ஆகும்.

இரண்டு மீட்டர் பேண்டும் உயரத்தில் ஓர் ஆளும்

ஹாம்கள் இந்த வேலைக்கு இயல்பாகக் கையில் எடுப்பது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இரண்டு மீட்டர் பேண்டை. அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் என்பதால் இந்தப் பெயர். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பார்வை எட்டும் இடத்துக்குப் பேச்சும் எட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். தரையில் நிற்கும் இரண்டு பேர் ஐந்து வாட் கைக்கருவியோடு வெட்டவெளியில் பேசினால் பூமியின் வளைவு சுமார் 10 கி.மீ. வரை விடும். பொள்ளாச்சித் தோப்புகளுக்கு நடுவே அது மூன்று நான்கு கி.மீ.யாகச் சுருங்கும். அதே கருவியோடு ஒருவர் 400 மீட்டர் உயரத்தில் நின்றால் அவருடைய ரேடியோ அடிவானம் 80 கி.மீ.யைத் தொடும். கருவியின் சக்தியைப் பத்து மடங்கு கூட்டினாலும் கிடைக்காத பலனை ஒரு மேடு கொடுத்துவிடும்.

வால்பாறைப் பாதையில் அந்த மேடு எங்கே என்று தேட வேண்டியதே இல்லை. ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில் இருக்கிறது லோம்ஸ் காட்சி முனை. அங்கே நின்றால் கீழே ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு, அதற்கு அப்பால் பொள்ளாச்சிச் சமவெளி முழுவதும் விரியும். கூட்டம் வரையாடுகளைத் தேடிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஹாமின் கண் வேறொன்றைப் பார்க்கிறது: சமவெளியோடு பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் இந்தச் சாலையில் இல்லை. இங்கே உட்காரும் ஒருவர், கீழே சாவடியில் இருப்பவர் சொல்வதையும் பொள்ளாச்சியில் கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவர் சொல்வதையும் கேட்டு, ஒருவருக்கு எட்டாததை மற்றவருக்குத் திருப்பிச் சொல்லலாம்.

ஆனால் அவர் ஒருவர் போதாது. காட்சி முனையைத் தாண்டிச் சாலை மலையின் மடிப்புக்குள் திரும்பிவிடுகிறது. சமவெளி எந்த இடத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அந்த இடத்தில் இரண்டு மீட்டர் பேண்டும் கைவிடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் அட்டகட்டியில் ஒருவர், கவர்க்கல் பக்கத்தில் ஒருவர், வால்பாறையில் ஒருவர் என்று தொடர் நீள வேண்டும். யார் யாருக்குக் கேட்கும் என்பதை வரைபடத்தில் கோடு போட்டு முடிவுசெய்யாதீர்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏறிப் போய், ஒவ்வொரு வளைவிலும் நிறுத்த வாய்ப்புள்ள இடத்தில் பேசிப் பார்த்து, வளைவின் எண்ணுக்கு எதிரே 'கேட்கிறது', 'கரகரப்பு', 'இல்லை' என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்த ஒரு தாளின் மதிப்பு புதிதாக வாங்கும் எந்தக் கருவிக்கும் கிடையாது.

மலையில் இந்த அலை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு ஒரு காட்சி. ஒத்திகைக்குப் போன ஒரு நாள், ஜீப்புக்குள் உட்கார்ந்து கைக்கருவியின் குட்டை ரப்பர் ஆன்டெனாவில் கேட்டேன். கொர்ரென்ற இரைச்சல்தான் வந்தது. வண்டியின் தகரக்கூடு அலையைத் தடுத்துக்கொண்டிருந்தது. கூரையின் நடுவில் காந்த அடியுள்ள ஆன்டெனாவை ஒட்டினேன். அது ஏறக்குறைய 49 செ.மீ. நீளமுள்ள கம்பி, இரண்டு மீட்டர் அலையின் கால் பங்கு. உடனே கீழேயிருந்து நண்பரின் குரல், வார்த்தை வார்த்தையாக, இரைச்சலை விலக்கிக்கொண்டு வந்தது. பிறகு வண்டியை அரையடி முன்னால் நகர்த்தச் சொன்னேன். குரல் மங்கியது. மறுபடி பின்னால் நகர்த்தினோம், தெளிந்தது. பாறைகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும், அரையடி தள்ளி ஒன்றையொன்று தாங்கும். சிக்னல் இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் ஓரடி நகர்ந்து பாருங்கள் என்று புதியவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ரிப்பீட்டர் வைத்தால் இத்தனை ஆட்கள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உயரத்தில் நிற்கும் ரிப்பீட்டர் ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் திருப்பிச் சொல்லும். ஏற்காடு, கொடைக்கானல் போன்ற உயரங்களில் தமிழ்நாட்டு ஹாம்கள் இவற்றை நடத்தி வந்திருக்கிறார்கள். அகன்ற சமவெளிக்கு அது வரம். மலை மடிப்புக்குள் நிற்பவருக்குத் தொலைவில் உள்ள ரிப்பீட்டர் எட்டுவது உறுதியில்லை. பொதுவில் எல்லாரும் பயன்படுத்தும் ஒன்றை நாள் முழுக்க நாமே பிடித்துவைத்திருப்பதும் முறையில்லை. வண்டியில் தற்காலிகமாக ஒன்றை நிறுவலாம். அதற்கு உரிம நிபந்தனை என்ன என்று பார்க்க வேண்டும், அது செயலிழந்தால் பாதை முழுவதும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும் என்பதையும் நினைக்க வேண்டும். ஒன்பதாம் வளைவில் இருக்கும் மனிதர் வெறுமனே திருப்பிச் சொல்வதில்லை. அவர் கண்ணால் பார்க்கிறார், மழை வருகிறது என்கிறார், இருபதாம் எண்காரர் தள்ளாடிக்கொண்டு போனார் என்கிறார். என் ஓட்டு அவருக்கே.

பேசும் முறையைப் பற்றி நான்கு வரி சொல்லாமல் விட மனமில்லை. எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: "வளைவு இரண்டு, ஏழு." கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "இரண்டு, ஏழு, சரியா?" இந்த ஒரு பழக்கம் அன்றைக்கு இருந்திருந்தால் எங்கள் நண்பர் மழையில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார். கட்டுப்பாட்டு மேசையில் ஒருவர் மட்டும் வரிசையை நடத்த வேண்டும். மற்றவர்கள் கேட்டால் பேச வேண்டும். நேரத்தோடு நோட்டில் எழுத வேண்டும். ஹாம் அலைவரிசையில் மறைகுறியீடு கூடாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால், அடிபட்டவரின் பெயரையும் உடல்நிலை விவரத்தையும் காற்றில் விடக் கூடாது. ஓட்டியின் எண்ணும் இடமும் போதும், மற்றவை கைபேசிக்கு.

டிராக்கர்கள்

இளைஞர்களின் மனம் இங்கேதான் இருக்கிறது. வரைபடத்தில் புள்ளிகள் நகர்வதைப் பார்ப்பது யாருக்கும் பிடிக்கும். ஹாம்களிடம் இதற்கென்று நெடுங்கால முறை ஒன்று உண்டு: அமெரிக்கக் கடற்படைக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய பாப் புருனிங்கா உருவாக்கிய ஏபிஆர்எஸ். வண்டியில் உள்ள கருவி தன் இடத்தைச் சிறு தரவுப் பொட்டலமாக இரண்டு மீட்டர் பேண்டில் அனுப்பும். வழியில் உள்ள நிலையங்கள் அதை வாங்கி முன்னே கடத்தும். இப்போது குறைந்த சக்தியில் சிறு தரவைத் தொலைவுக்கு அனுப்பும் லோரா கருவிகளை வைத்து மெஷ்டாஸ்டிக் என்ற முறையும் பரவியிருக்கிறது. இந்தியாவில் அது 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய, உரிமம் தேவைப்படாத துண்டில் ஓடுகிறது. சிறிய கருவி, மின்செலவு மிகக் குறைவு, ஒன்று இன்னொன்றுக்குக் கடத்தும், எழுத்துச் செய்தியும் போகும்.

இரண்டுக்கும் மேலே சொன்ன மலை விதி பொருந்தும். பேச்சு எட்டாத மடிப்புக்குள் பொட்டலமும் எட்டாது. நடுவில் கடத்துவதற்கு உயரத்தில் ஏதாவது இருக்க வேண்டும். அதைவிட எனக்குள்ள கவலை வேறு. புள்ளி பத்து நிமிடமாக நகரவில்லை என்றால் என்ன பொருள்? ஓட்டி டீ குடிக்கிறாரா, பங்க்சர் போடுகிறாரா, பள்ளத்தில் கிடக்கிறாரா, கருவியின் பேட்டரி தீர்ந்ததா? திரையைப் பார்ப்பவருக்குத் தெரியாது. அறுபது புள்ளிகளை வைத்துக்கொண்டு அவர் வெறும் பதற்றத்தைத்தான் சேர்ப்பார். ஆகவே ஓட்டிகளுக்கு டிராக்கர் வேண்டாம் என்பது என் கருத்து. கடைசியாக வரும் ஸ்வீப் வண்டிக்கும் முதலுதவி வண்டிக்கும் தலா ஒன்று பொருத்துங்கள். "வண்டி இப்போது எங்கே?" என்ற கேள்விதான் அலைவரிசையில் அதிக நேரத்தைத் தின்பது. அதற்குப் பதில் திரையில் இருந்தால் பேச்சுக்கு இடம் மிஞ்சும்.

நாற்பது மீட்டர்: மேலே எறிந்து கீழே வாங்குவது

எனக்கு மிகவும் பிடித்த முறை இது. வால்பாறைப் பயணத்துக்கு நான் பரிந்துரைக்காததும் இதுவே.

7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள நாற்பது மீட்டர் பேண்டில், சுமார் 20 மீட்டர் நீளமுள்ள கம்பியை நடுவில் பிரித்து, ஆளுயரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு உயரத்திலேயே தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக மேலே போகும். வானின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலம் அதைத் திருப்பிக் கீழே அனுப்பும். மலை குறுக்கே நிற்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை; மேலேயிருந்து மழைபோல விழும் சிக்னல் பள்ளத்தாக்கின் அடியிலும் கேட்கும். பகலில் சில நூறு கி.மீ. வட்டத்துக்குள் எங்கும் பேசலாம். கோபுரம், ரிப்பீட்டர், இணையம் எதுவும் நடுவில் கிடையாது.

நாற்பது மீட்டர் பேண்டும் சேர்ந்த குறுகிய அலையின் வலிமையை நாடே பார்த்தது 2004 டிசம்பரில். ஹாம் பாரதி பிரசாத் தம் குழுவோடு அந்தமானில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தபோது சுனாமி வந்தது. மற்ற தொடர்புகள் அறுந்த தீவுகளிலிருந்து குறுகிய அலை வழியாகத்தான் பல குடும்பங்களுக்குத் தகவல் போனது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

ஆனாலும் சைக்கிள் பயணத்தில் இதற்கு இடைஞ்சல்கள் பல. கம்பி கட்ட இரண்டு மரமும் அரை மணி நேரமும் வேண்டும். 100 வாட் கருவிக்கு நல்ல கார் பேட்டரி வேண்டும். நகரும் வண்டியில் சிறிய ஆன்டெனா வைத்தால் திறன் அடிபடும். கோடை மழைக்கு முன் மின்னல் இரைச்சல் காதைக் கிழிக்கும். மாலையில் தொலைதூர நிலையங்கள் வந்து மோதும். மாவட்டங்களைத் தாண்டி 40 மணி நேரம் ஓடும் 600 கி.மீ. பிரவேயில், ஒன்றுக்கொன்று நூறு கி.மீ. தள்ளி நின்று ஓட்டிகளின் வருகையைப் பதியும் சாவடிகளுக்கு இது பொருந்தும். அங்கே ஓட்டிக்கு வழியில் வெளி உதவி கூடாது, சாவடியில் மட்டுமே என்ற விதி இருப்பதால், சாவடிக்குச் சாவடி பேசினாலே போதும். 40 கி.மீ. மலைச்சாலைக்கு வேண்டியது நகர்ந்துகொண்டே பேசும் வசதி. அதை இரண்டு மீட்டர் நன்றாகத் தருகிறது. வால்பாறையில் இருப்பவர் ஆர்வத்தோடு ஒரு கம்பி கட்டி வைத்தால் தடுக்காதீர்கள். கீழே உள்ள இரண்டு மீட்டர் ஆட்களின் தொடர் அறுந்தால் அது கைகொடுக்கும்.

சாட்டிலைட் போன் பற்றியும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் வாங்கிய சாட்டிலைட் போனையோ செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் மலையேற்றக் கருவியையோ அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் பயன்படுத்தக் கூடாது. தெரியாமல் கொண்டுவந்த சுற்றுலாப் பயணிகள் விமான நிலையங்களில் சிக்கியிருக்கிறார்கள். இதை நம் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

வால்பாறை ஏற்கெனவே கற்றுவைத்திருப்பது

தொடர்பு என்பது உயிர் காக்கும் காரியம் என்பதை வால்பாறைக்கு நாம் போய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் நடமாடும் ஊர் அது. காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவர் குழுவும் அங்கே யானை எங்கே நிற்கிறது என்று மக்களுக்கு முன்கூட்டியே சொல்லும் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். 2015இல் ஆனந்தகுமாருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. அவர்கள் ஒரே வழியை நம்பவில்லை. கைபேசி வைத்திருப்பவருக்குக் குறுஞ்செய்தி. மாலையில் வீட்டில் இருப்பவருக்கு உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரி. வேலை முடிந்து பஸ்ஸில் இறங்கி இருட்டில் நடப்பவருக்கு, தூரத்திலிருந்தே தெரியும் சிவப்பு விளக்கு. அதை உள்ளூர்க்காரர்களே கைபேசியிலிருந்து எரியவைக்கிறார்கள். யார் எந்த நேரத்தில் எங்கே இருப்பார், அவருக்கு எது எட்டும் என்று ஒவ்வொருவராக நினைத்துச் செய்த வேலை அது. சைக்கிள் பயணத்துக்குத் தொடர்பு ஏற்பாடு செய்கிறவர்கள் ஒருமுறை அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஓட்டிகளுக்கும் அந்தச் சிவப்பு விளக்கின் பொருளைச் சொல்லி வையுங்கள்: எரிந்தால் அருகில் யானை இருக்கிறது, மேலே போகக் கூடாது.

ஆட்களும் அனுமதியும்

கருவியை ஒரு நாளில் வாங்கிவிடலாம். ஆளை வாங்க முடியாது. ஹாம் அலைவரிசையில் பேசுகிறவர் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற்று, தொலைத்தொடர்புத் துறையின் உரிமமும் அழைப்புக்குறியும் வைத்திருக்க வேண்டும். ஹாம் ரேடியோவின் சட்டப் பெயரான அமெச்சூர் சேவை என்பதன் சர்வதேச விளக்கத்திலேயே பண ஆதாயம் இல்லாமல் என்ற சொல் இருக்கிறது. எனவே ஹாம்களுக்குக் கூலி பேசக் கூடாது; சாப்பாடும் தண்ணீரும் நிழலும் கொடுங்கள், அது போதும். கட்டணம் வாங்கி லாபத்துக்கு நடத்தும் பந்தயம் என்றால் வணிக உரிமம் உள்ள ரேடியோ சேவையை அமர்த்துவதே சரி. ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓட்டும் பயணத்துக்கு ஹாம்கள் மனமுவந்து வருவார்கள்.

வருகிற ஹாம்களும் தங்கள் உரிம நிபந்தனைகளைப் படித்துக்கொள்ள வேண்டும். குறிப்பாக, உரிமத்தில் உள்ள முகவரிக்கு வெளியிலும் வண்டியிலும் இயக்குவது பற்றியும், பிறர் சார்பில் செய்தி அனுப்புவது பற்றியும். வனத்துறைக்கும் காவல்துறைக்கும் யார், எங்கே, எந்தக் கருவியோடு நிற்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். புலிகள் காப்பகத்துக்குள் ரேடியோவோடு ஒருவர் தனியாக நிற்பதைப் பார்த்தால் வனக்காவலர் விசாரிப்பது அவர் கடமை. கடிதத்தின் நகல் பையில் இருந்தால் அந்தப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடியும்.

ஹாம்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது? பயிற்சி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கைபேசிகள் அடங்கிப்போனதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பேரிடர் நாளில் முதல்முறையாக ஒரு வலைப்பின்னலை நடத்திப் பழக முடியாது. மழையிலும் பசியிலும் எட்டு மணி நேரம் ஒரு வளைவில் உட்கார்ந்து, கேட்டதை ஒழுங்காக எழுதி, ஒழுங்காகத் திருப்பிச் சொல்லப் பழகுவதற்கு சைக்கிள் பயணத்தைப் போன்ற இடம் வேறில்லை. தவறினாலும் பெரும்பாலும் ஒரு வாழைப்பழச் சீப்பு தவறான இடத்துக்குப் போவதோடு முடியும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பயணத்துக்கு ரேடியோ தேவையில்லை என்று மேலே சொன்னேன். பயணத்துக்குத் தேவையில்லை, புயல் பாதை ஓரமாக வாழும் கடற்கரை ஹாம்களின் பயிற்சிக்குத் தேவை. அந்தக் காரணத்தை மறைக்காமல் சொல்லி அழைத்தால் அவர்கள் இன்னும் சந்தோஷமாக வருவார்கள்.

என் முடிவு

கோயம்புத்தூர் முதல் ஆழியாறு வரை கைபேசி மட்டும். ஆழியாறு முதல் வால்பாறை வரை இரண்டு மீட்டர் பேண்டு. பொள்ளாச்சியில் கட்டுப்பாட்டு மேசை. அங்கே ரேடியோவும் கைபேசியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், 108ஐ அழைப்பது மேசையில் இருப்பவர் பொறுப்பு. ஆழியாறு சாவடி, ஒன்பதாம் வளைவு, அட்டகட்டி, கவர்க்கல், வால்பாறை ஆகிய ஐந்து இடங்களில் ஆட்கள். முன்னால் போகும் வண்டியில் ஒருவர், ஸ்வீப் வண்டியில் ஒருவர். மொத்தம் எட்டு ஹாம்கள். ஐந்து பேர்தான் கிடைத்தார்கள் என்றால் முன் வண்டியையும் ஆழியாற்றையும் கவர்க்கல்லையும் விட்டுவிடுங்கள். ஒன்பதாம் வளைவையும் ஸ்வீப் வண்டியையும் விடாதீர்கள். மூன்று பேர்தான் என்றால் வால்பாறை வேண்டாம், இந்த ஆண்டு ஆழியாற்றோடு திரும்புங்கள். ஓட்டிகள் முகம் சுருங்கும். இருந்தாலும் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவதே அவர்களுக்கு நாம் செய்யும் நல்லது.

விடிவதற்கு முன் நான்கு மணிக்குக் கோயம்புத்தூரில் கிளம்பினால் ஏழு மணிவாக்கில் ஆழியாறு, முற்பகல் முடிவதற்குள் வால்பாறை, கடைசி ஓட்டியும் நான்கரைக்குள் சாவடிக்குக் கீழே வந்துவிடலாம். அலைவரிசையை மூடுவதற்கு முன் ஒரு கணக்கு உண்டு. பயணங்களில் அதிகம் தொலைந்துபோகிறவர் பள்ளத்தில் விழுந்தவர் அல்லர். முடியவில்லை என்று யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை பஸ் கூரையில் போட்டு வீட்டுக்குப் போனவர். அவரைத் தேடி இருட்டில் காட்டுச்சாலையில் மூன்று வண்டிகள் அலையும். அதனால் சாவடியில் இருப்பவர் நோட்டைப் பார்த்து இலக்கம் இலக்கமாகப் படிக்க வேண்டும்: "ஏறியவர்கள் ஆறு, நான்கு. இறங்கியவர்கள் ஆறு, இரண்டு. அட்டகட்டியில் முதலுதவி வண்டியில் ஏறியவர் ஒன்று. வால்பாறையில் பஸ் ஏறியவர் ஒன்று, எண் நான்கு, ஒன்று." பொள்ளாச்சி மேசை அதை அப்படியே திருப்பிப் படித்து, கூட்டிப் பார்த்து, சரி என்ற பிறகு ஒன்பதாம் வளைவுக்காரர் தம் ஆன்டெனாவைக் கழற்றலாம்.